மாலைத் தூண்டிலும் பில்லூர் தண்ணீரும்

வெலிங்டன், அருவங்காடு, குன்னூர் பக்கம் தூண்டில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு யோசனை வரும். கீழே இறங்கி, மேட்டுப்பாளையம் பவானிக் கரையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு வரலாமா? தூரம் சுமார் 35 கிலோமீட்டர். பர்லியார், கல்லாறு தாண்டினால் ஆறு. வெயில் தாழ்ந்து, காற்று குளிர்ந்து, மீன் கரையோரம் வரும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம்.

அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மீன் கரைக்கு வரும் அதே மாலை வேளையில்தான் தமிழ்நாட்டின் மின் தேவையும் ஏறுகிறது. தேவை ஏறும்போது நீர்மின் நிலையங்கள் ஓடும். அவை ஓடினால் அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் ஏறும். மழையே இல்லாத, வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். பவானியின் நடுவே பாறைத் திட்டில் சிக்கிக்கொண்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்ட செய்தியை மேட்டுப்பாளையத்துக்காரர்கள் பலமுறை படித்திருப்பார்கள். மீட்க முடியாமல் போன செய்திகளையும் படித்திருப்பார்கள்.

சாதாரண மீன், அசல் பொழுதுபோக்கு

முதலில் இந்தத் தூண்டில் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்துக்காரர்கள் நன்னீர் மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சால்மன், டிரவுட் போன்றவை உயர்ந்தவை. மற்ற எல்லாம் 'கோர்ஸ்', அதாவது மட்டம். கெண்டை, கெளுத்தி வகையறா எல்லாம் அந்த இரண்டாவது பட்டியலில்தான் வரும். நம் ஊர்க் கணக்கில் இது வேடிக்கையான பிரிவினை. விரால் குழம்பு சாப்பிட்டவர் யாரும் அதை மட்டமான மீன் என்று சொல்லமாட்டார்.

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் ரொம்பப் பாடுபட்டது டிரவுட்டுக்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த பல முயற்சிகள் வீணாகி, 1907 வாக்கில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே அந்த மீன் இங்கே நிலைத்தது. அதற்கு முன்பே, 1879-இல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. 'மட்டமான' மீன்களும் சும்மா இருக்கவில்லை. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட கண்ணாடிக் கெண்டை, அதாவது மிரர் கார்ப், குளிர்ந்த ஏரித் தண்ணீரில் நன்றாகப் பெருகிவிட்டது. உடம்பெல்லாம் செதில் இல்லாமல், அங்கங்கே கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி பெரிய செதில்கள் மட்டும் இருந்தால் அது அந்த வம்சம்தான்.

வெலிங்டன் ராணுவ ஊர். 1947-இல் குவெட்டாவிலிருந்து பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இங்கே வந்தது. நாடெங்கிலும் இருந்து அதிகாரிகள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். ஓய்வு பெற்று இங்கேயே தங்கியவர்களும் உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிய ரீல், ஃபைபர் கோல் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. மூங்கில் கழி, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, ஒரு டப்பாவில் மண்புழு என்று கிளம்பும் உள்ளூர்ப் பையன்களும் உண்டு. கரையில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பொறுமைதான் வேண்டும். ஆறும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஏறும்.

மீன் ஏன் மாலையில் கடிக்கிறது?

மூன்று காரணங்கள் சேர்கின்றன. வெளிச்சம் குறையும்போது, பகலில் ஆழத்தில் ஒதுங்கி நின்ற பெரிய மீன்கள் மேய்வதற்கு ஆழமில்லாத ஓரத்துக்கு வரும். கரையில் நிற்கும் கொக்கின் கண்ணுக்கும் மனிதன் கண்ணுக்கும் தப்பலாம் என்ற தைரியம். பகல் முழுக்கப் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலில் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருந்ததால், தேங்கிய நீரில் அந்தி சாயும் நேரத்தில் ஆக்சிஜன் நிறைவாக இருக்கும். மூன்றாவது, அந்த நேரத்தில்தான் பூச்சிகள் நீர்மேல் கூட்டமாகச் சுற்றும்.

ஆனால் நம் மாலை ரொம்பக் குட்டை. இங்கிலாந்தில் கோடைக்காலத்தில் சூரியன் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் வரை வெளிச்சம் இருக்கும். 'ஈவினிங் செஷன்' என்று அங்கே எழுதிய பழைய புத்தகங்களும், இன்று யூடியூபில் வரும் வீடியோக்களும் அந்த நீண்ட மாலையை மனதில் வைத்தவை. நாம் பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிதான் தள்ளி இருக்கிறோம். இங்கே சூரியன் இறங்கினால் சுமார் 20 நிமிடத்தில் இருட்டு. நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மலை மறைக்கும் பள்ளத்தில் அதற்கும் முன்பே வெளிச்சம் போய்விடும். 'இன்னும் ஒரே ஒரு கடி' என்று காத்திருந்தால், சாமான்களைப் பொறுக்கி எடுப்பதே டார்ச் வெளிச்சத்தில்தான்.

ஒரே தண்ணீர், நாலு தடவை மின்சாரம்

பவானி ஒரு விசித்திரமான ஆறு. நீலகிரியின் மேற்குப் பக்கம் பிறந்து, கேரளத்துக்குள் அட்டப்பாடி வரை போய், முக்காலி அருகே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்கே வருகிறது. வரும் வழியில் பில்லூர் அணை. குந்தா மலைகளில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து சேரும். மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களில் பிடித்த தண்ணீரை மின்வாரியம் படிப்படியாகக் கீழே இறக்குகிறது. குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று அதே தண்ணீர் மலையை விட்டு இறங்குவதற்குள் நான்கு மின் நிலையங்களைச் சுற்றிவிட்டு வருகிறது. கடைசியாக உள்ள பில்லூர் மின் நிலையத்தின் திறன் 100 மெகாவாட்: 50 மெகாவாட்டில் இரண்டு இயந்திரங்கள்.

நீர்மின் நிலையத்தின் பெரிய சௌகரியம், அதைச் சில நிமிடங்களில் ஓடவிடலாம், சில நிமிடங்களில் நிறுத்தலாம். அனல்மின் நிலையத்தை அப்படிச் செய்ய முடியாது. பகலில் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கிறது. சூரியன் சாய்ந்ததும் அது நின்றுபோகிறது. அதே நேரம் வீடுகளில் விளக்கு, டிவி, மிக்சி, ஏசி எல்லாம் ஓட ஆரம்பிக்கும். உயர் அழுத்த நுகர்வோருக்கான மின் கட்டணத்தில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 'உச்ச நேரம்' என்று தனிக் கட்டணம் வைத்திருப்பது இதனால்தான். அந்தப் பள்ளத்தை நிரப்ப முதலில் கைகொடுப்பவற்றில் ஒன்று நீர்மின்சாரம்.

ஆக, நீங்கள் கரையில் தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சென்னையிலோ கோவையிலோ பல லட்சம் பேர் சுவிட்சைப் போடுகிறார்கள். அதன் எதிரொலி உங்கள் காலடியில் வந்து நிற்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழை வெள்ளம் வந்தால் தண்ணீர் கலங்கும், செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும். ஆற்றங்கரையில் வளர்ந்தவர்கள் அதைப் பார்த்தே எழுந்துவிடுவார்கள். மின் உற்பத்திக்குப் பின் வெளிவரும் தண்ணீர் அணையில் தெளிந்த தண்ணீர். அது பெரும்பாலும் நிறம் மாறாமல், சத்தம் காட்டாமல், விரல் விரலாக ஏறும். 'ஆறு கலங்கலையே, அப்புறம் என்ன பயம்' என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

அணை நிரம்பி வழியும் காலம் வேறு. பில்லூரின் மொத்த நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் உபரி நீர் ஆற்றில் திறக்கப்படும். கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படும். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த 97 என்ற எண்ணை அடிக்கடி செய்திகளில் கேட்கலாம். அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் ஆற்றுப் பக்கமே வேண்டாம். மின் உற்பத்திக்காக அன்றாடம் விடும் தண்ணீருக்கோ அந்த அளவு பரபரப்பு இருக்காது. அதனால்தான் அது ஆபத்து.

எங்கே உட்காருவது

பவானியில் மீன் பிடிப்பவர்களுக்கு ஆசை காட்டுவது நடுப்பாறைகள். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது முழங்கால் அளவில் நடந்தே போய்விடலாம். அங்கிருந்து வீசினால் ஆழமான மடுவில் விழும். போகும்போது முழங்கால், திரும்பும்போது இடுப்பு. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கூடவே பாசி படிந்த உருண்டைக் கல். நீச்சல் தெரிந்தவர் என்பது இங்கே பெரிய உதவி இல்லை. பவானியில் நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

எனவே ஒரே விதி: உங்களுக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் இருக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஏறிப் போக மேடான தரை இருக்க வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால், தண்ணீர் ஏறினாலும் நீங்கள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டால் போதும்.

உட்கார்ந்ததும் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் நட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் மூட்டையைக் கட்டிவிடுங்கள். செலவில்லாத இந்த அளவுகோலைப் பழைய தூண்டில்காரர்கள் சிலர் வேறு காரணத்துக்காக வைப்பார்கள். தண்ணீர் ஏறினாலோ இறங்கினாலோ மீன் கடிப்பது மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். நல்லா கடிச்சுக்கிட்டிருந்த மீன் திடீர்னு நின்னுபோச்சுன்னா, தக்கையைப் பார்க்காதீங்க, குச்சியைப் பாருங்க.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் மூழ்குவது நம் நீர்நிலை விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில், மருதையாற்று நீரில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்குக் கரையில் நின்ற மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசினார்கள். நான்கு பேரில் இருவர் அதைப் பிடித்துக் கரையேறினர். அந்த மூவருக்கும் அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. சேலை, வேட்டி, கயிறு, நீளமான மூங்கில் கழி, மூடி இறுக்கிய காலி கேன், எதுவானாலும் வீசலாம். தூண்டில் பையில் பத்து மீட்டர் கயிறு ஒன்று இருப்பது நல்லது. எடை ஒன்றும் பெரிதில்லை.

போனை எப்போது பார்ப்பது? கிளம்பும் முன்

பர்லியார், கல்லாறு பள்ளங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆற்றில் இறங்கிய பிறகு போனை நோண்டிப் பயன் இல்லை. வீட்டில் இருக்கும்போதே பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள்.

முதலாவது மழை. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'டி.என். அலர்ட்' செயலியில் வரும் நாட்களுக்கான வானிலை முன்னறிவிப்பு, அன்றாட மழை அளவு, நீர்த்தேக்கங்களின் நீர் இருப்பு எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன. மேட்டுப்பாளையத்துக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். உங்கள் காலடித் தண்ணீர் பெய்வது அவலாஞ்சியிலும் குந்தாவிலும். அந்தப் பக்கம் என்ன நிறம் காட்டுகிறது என்று பாருங்கள். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. நீலகிரிக்கு இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதற்கு ஒரு கணக்கு: 2009 நவம்பர் 10 அன்று பதிவான ஒரு நாள் மழையில் கேத்தியில் மட்டும் 820 மில்லிமீட்டர். கேத்தி எங்கே, வெலிங்டன் எங்கே? ரயிலில் சில நிறுத்தங்கள்தான். அந்த நவம்பர் மழையிலும் நிலச்சரிவிலும் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரண்டாவது, அணை. பில்லூர் மட்டம் 97 அடியை நெருங்கிக்கொண்டிருக்கிறதா என்பதைச் செயலியிலோ செய்தியிலோ பார்க்கலாம். ஆனால் இன்று மாலை எத்தனை மணிக்கு மின் நிலையம் ஓடும் என்பதை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லாது. மின் தேவையைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். 'நேத்து இதே நேரம் இதே இடத்துலதானே நின்னேன்' என்பது ஆற்றிடம் எடுபடாத வாதம். மாலை மட்டுமில்லை, எந்த நேரமும் ஏறலாம் என்று வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். செயலி பார்த்தாலும் குச்சி நட வேண்டியதுதான்.

கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிவிடுங்கள். சிக்னல் போனாலும் கடைசியாக இருந்த இடம் அவர்களிடம் இருக்கும். எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில், எந்தக் கரையில் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசர பட்டன் இருக்கிறது. ஆபத்து என்றால் 112, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிக்கு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1077. இந்த 1077-ஐ வேறு மாவட்டத்தில் இருந்துகொண்டு அழைத்தால் அந்த மாவட்டத்துக்குப் போகும். நீங்கள் வெலிங்டன்காரராக இருந்தாலும் பவானிக் கரையில் நிற்கும்போது அது கோவை மாவட்டம். இடத்தைச் சொல்லும்போது மேட்டுப்பாளையம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தண்ணீர் யாருடையது?

'ஆத்துல தூண்டில் போட யாருகிட்ட சார் கேக்கணும்?' இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தண்ணீர் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும்.

காப்புக்காட்டுக்குள் ஓடும் ஓடை என்றால் வனத்துறை. 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டில் விதிகளை மீறி மீன் பிடிப்பதும் வேட்டையாடுவதைப் போலவே குற்றம்தான். முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா என்றால் கேட்கவே வேண்டாம், கூடாது. நீலகிரியில் அழகான ஓடை என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி காட்டுக்குள்தான் இருக்கிறது.

அணைகளும் ஏரிகளும் வேறு கதை. அணை மின்வாரியத்தினுடையதாகவோ நீர்வளத் துறையினுடையதாகவோ இருக்கலாம். மீன் பிடிக்கும் உரிமை மீன்வளத் துறையின் வழியே மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ, குத்தகைதாரரிடமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கும். பவானிசாகரில் மீன்வளர்ச்சிக் கழகம் குஞ்சு விட்டு வளர்த்துப் பிடிக்கிறது. அங்கே பரிசலில் வலை போடும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஊர்க் குளம் என்றால் பஞ்சாயத்து ஏலம். ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அங்கே போய்ப் பொழுதுபோக்காக நாலு கட்லா எடுத்து வந்தால், அவர் கணக்கில் அது திருட்டு. அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நீலகிரியில் தூண்டில் உரிமம் கேட்பதற்கு மக்கள் நெடுங்காலமாகப் போகும் இடம் உதகை ஃபிஷ்டேலில் உள்ள மீன்வளத் துறை அலுவலகம். எந்த நீர்த்தேக்கத்தில் இப்போது அனுமதி உண்டு, எத்தனை நாளுக்கு, கட்டணம் என்ன என்பதைக் கிளம்பும் முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பவானிக் கரை என்றால் கோவை மாவட்ட மீன்வளத் துறை. மாவட்ட இணையதளங்களில் துறைவாரியாகத் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. எண் எடுக்கவில்லை, பதில் வரவில்லை என்றால் 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரித் துறையில் கோரிக்கையாகப் பதிவு செய்யலாம்; பதிவு எண் கிடைக்கும். வாய்வார்த்தையாக 'போய்க்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க' என்று டீக்கடையில் சொல்வது அனுமதி ஆகாது.

வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் ஒரு கூடுதல் விஷயம். ராணுவ நிலத்தை ஒட்டி ஓடும் நீரோடைகளின் கரைக்கு வேலி இல்லாவிட்டாலும் அது பொது இடம் ஆகிவிடாது. இருட்டும் நேரத்தில் கையில் நீளமான பையோடு அங்கே நடமாடினால் காவலில் நிற்பவர் விசாரிப்பார். அது அவர் வேலை.

எந்த நீராக இருந்தாலும் வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். தோட்டா போட்டால் பெரிய மீனோடு முட்டையும் குஞ்சும் சேர்ந்து சாகும். மேல்பக்கம் யாராவது அப்படிச் செய்வது தெரிந்தால் 112-க்குச் சொல்லலாம். செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடலில் கிழக்குக் கரையோரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது ஆற்றுக்குப் பொருந்தாது. ஆனால் ஆற்று மீனுக்கும் ஒரு பிரசவக் காலம் உண்டு. புதுத் தண்ணீர் வந்ததும் நம் கெண்டை இனங்கள் பல எதிர்நீச்சலடித்து மேலேறி முட்டையிடும். இங்கிலாந்தில் இந்தச் சாதாரண மீன்களுக்காகவே ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போட விடமாட்டார்கள். நமக்குப் பருவமழையின் முதல் வாரங்கள் அப்படிப்பட்டவை. சினை பிடித்து வயிறு உப்பிய மீன் அப்போது மாட்டினால் விட்டுவிடுவது நல்லது. வெள்ள அபாயமும் அதே வாரங்களில்தான் என்பதால் வீட்டில் இருப்பதே உத்தமம்.

மாட்டியதை என்ன செய்வது

பவானியில் தூண்டிலில் வருபவற்றில் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை, கெளுத்தி, சின்னக் கெண்டை வகைகள். ஜிலேபி வெளிநாட்டு மீன். எவ்வளவு எடுத்தாலும் ஆற்றுக்கு நஷ்டமில்லை. அதை உயிரோடு வாளியில் போட்டு உங்கள் ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விடுவதுதான் தப்பு. மீசையோடு கறுப்பாக, அசாதாரணமாகப் பெரிதாக வரும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். அதை வளர்க்கவே தடை இருக்கிறது.

பெரிய செதிலோடு, பொன்னிறம் அடித்து, முதுகு கூனி, தலைக்குப் பின்னால் மேடாக ஒரு மீன் இழுத்தால், அது கூன்முதுகு மஹசீராக இருக்கலாம். உலகத்திலேயே காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டும் இருக்கும் மீன் அது. பவானியும் மோயாறும் அதன் வீடு. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 'மிக அருகிய' இனம் என்று பட்டியலிட்டது. அதற்கடுத்த படி, காட்டில் அழிந்தே போய்விட்டது என்பதுதான். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் நரம்பை வாய்க்கு அருகில் வெட்டிவிடுங்கள். தலை ஓட்டத்தின் எதிர்ப்பக்கம் பார்க்க, வயிற்றைத் தாங்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் தானே உதறிக்கொண்டு போகும். போட்டோ வேண்டுமா? மீன் தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள். மணலில் போட்டு, தோளில் தூக்கி, நாலு கோணத்தில் எடுத்த பிறகு விட்டால், அது நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைப்பது சந்தேகம்.

குன்னூர் ஆற்றைப் பற்றியும் கேட்பீர்கள். வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறதே, எதற்கு மேட்டுப்பாளையம் வரை போக வேண்டும்? அருவங்காடு, வெலிங்டன், குன்னூர் பஜார் வழியாக வரும் அந்த ஆற்றில் ஊர்க் கழிவுநீர் கலக்கிறது. அதில் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். மழைக்காலத்தில் அது நிமிடங்களில் பெருகும். கரையெல்லாம் வீடும் சுவரும் என்பதால் ஒதுங்கி ஏறவும் வழி இருக்காது.

அறுந்த நரம்பைக் கரையில் வீசிவிட்டு வராதீர்கள். பார்வைக்குத் தெரியாத அந்த நைலான், கொக்கின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சுற்றிக்கொண்டால் அவிழவே அவிழாது. சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள்.

திரும்பும் வழி

நாலு மணிக்குத் தூண்டில் போட்டால் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவது நல்ல கணக்கு. கடிக்கும் நேரத்தில் பாதியை விட்டுவிட்டு வருகிறோமே என்று தோன்றும். தோன்றட்டும். அந்த இருட்டில் கல்லாறு முதல் பர்லியார் வரை சாலையில் யானை நிற்கலாம். இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் வளைவில் திரும்பியதும் நேருக்கு நேர் சந்திக்க நேரும். ஹாரன் அடிக்காமல், விளக்கை மங்கலாக்கி, தூரத்திலேயே நின்றுவிடுவதுதான் வழி. வெலிங்டன் வந்து சேர்ந்த பிறகும் தெருவிளக்கு இல்லாத சந்தில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்கும். இது இங்கே இருப்பவர்களுக்குப் புதுசில்லை. கீழேயிருந்து உறவினரைக் கூட்டிவந்தால் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கோடை சீசனில் மலைப்பாதையை ஒருவழி ஆக்கும்போது குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். அப்போது போகும் வழி வேறு, வரும் வழி வேறு, நேரமும் கூடும். வெளி மாவட்டப் பதிவு எண் கொண்ட வண்டியில் மலையேறும் நண்பர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவு எண் வண்டிக்கு அது தேவையில்லை. பாஸைப் போனிலேயே எடுத்துவிடலாம், ஆனால் கல்லாறு சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டு எடுக்க முயன்றால், பின்னால் நிற்கும் பஸ்காரர் என்ன சொல்வார் என்று இங்கே அச்சிட முடியாது.